தாத்தாவின் டிரங்குப் பெட்டியை யாரிடம் கொடுப்பது?

பெரும்பாலும் வீட்டை விற்கும்போதுதான் இந்தக் கேள்வி எழுகிறது. பரணிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டி இறங்கும். உள்ளே தாத்தாவின் நாட்குறிப்புகள், கம்பியில் குத்திவைத்த கடிதங்கள், கொழும்பிலிருந்தும் இரங்கூனிலிருந்தும் வந்த தபால் உறைகள், ஊர் வாசகசாலையின் தீர்மானப் புத்தகம், திருவிழா நோட்டீஸ், நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகைகள், ஸ்டுடியோ புகைப்படங்கள், மொய் நோட்டு. எடைக்குப் போட மனம் வராது. அடுக்குமாடி வீட்டில் வைக்க இடமும் இருக்காது. ஸ்கேன் செய்துவிட்டுக் கழித்துவிடலாம் என்பார் அண்ணன். மியூசியத்துக்குக் கொடுக்கலாம் என்பாள் தங்கை. தன் காலம்வரை இங்கேயே இருக்கட்டும் என்பார் அம்மா.

இந்த மூன்று யோசனைகளிலும் நியாயம் இருக்கிறது. மூன்றுக்கும் வெளியே தெரியாத செலவுகளும் இருக்கின்றன. தமிழ்நாட்டில் இப்படியொரு பெட்டி கைக்கு வந்த குடும்பத்தின் முன்னால் பொதுவாக நான்கு வழிகள் உள்ளன: வீட்டிலேயே வைப்பது, ஊர்ப் பக்கத்து அருங்காட்சியகத்துக்கோ நூலகத்துக்கோ கொடுப்பது, சென்னை அல்லது தில்லியின் பெரிய காப்பகத்துக்குக் கொடுப்பது, மின்படி, அதாவது ஸ்கேன் செய்த படி, எடுத்துப் பொதுவில் வைப்பது. நான் எந்தப் பக்கம் சாய்கிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெயர்பெற்ற இடமா என்பதைவிட, வாங்கியதைப் பட்டியலிடுகிற இடமா என்பதுதான் எனக்குப் பெரிய கேள்வி.

## எதை வைத்து எடைபோடுவது?

தாள் பிழைக்குமா? பழையதெல்லாம் முதலில் அழியும் என்பது தவறான எண்ணம். கையால் செய்த பழைய துணிக்கூழ்த் தாள், 1950-களின் மரக்கூழ் நோட்டுத் தாளைவிட நன்றாக இருப்பதை எந்தப் பெட்டியிலும் பார்க்கலாம். மரக்கூழ்த் தாளில் உள்ள அமிலம் அதை உள்ளிருந்தே பழுப்பாக்கி நொறுக்குகிறது. ஆகவே செல்லரித்த ஓலையைவிட, தாத்தா பத்திரப்படுத்திய தேர்தல் துண்டறிக்கைக்குத்தான் அவசரம் அதிகம். இருட்டு, காற்றோட்டம், ஈரமின்மை, மாதத்துக்கு ஒருமுறையாவது திறந்து பார்க்கும் கண்கள் ஆகியவைதான் தேவை. குளிர்சாதனம் இருக்கிறதா என்று கேட்பவர்கள், மழைக்காலத்தில் கூரை ஒழுகுமா என்று கேட்பதில்லை.

பட்டியல் போடுவார்களா? பட்டியலில் இல்லாத தாளை யாரும் கேட்க முடியாது. யாரும் கேட்காத தாள் அடுத்த இடமாற்றத்தின்போது "பழைய காகிதம்" ஆகிவிடும். பெட்டி எண், கட்டு எண், யார் யாருக்கு எழுதியது, எந்த ஆண்டு என்ற அளவுக்காவது பட்டியல் வேண்டும். காப்பகத்தில் உண்மையான செலவு இதுதான். அலமாரியை ஒரு நன்கொடையாளர் வாங்கித் தந்துவிடலாம். பழைய கையெழுத்தைப் படிக்கத் தெரிந்த ஒருவருக்கு மாதச் சம்பளம் தருவது கடினம்.

கட்டு பிரியாமல் இருக்குமா? கம்பியில் குத்திய கடிதங்கள் வந்த வரிசையிலேயே இருக்கும். அந்த வரிசையே ஒரு செய்தி. தந்தி வந்த மறுநாள் யார் கடன் கேட்டு எழுதினார் என்பது கம்பியைக் கழற்றி ஆள்வாரியாக அடுக்கினால் காணாமல் போய்விடும். பெரிய அளவில் இது நடந்ததற்கு, கிழக்கிந்தியக் கம்பெனியின் நில அளவையாளர் காலின் மெக்கன்சியின் சேகரிப்பு சாட்சி. தென்னாட்டு ஊர்களின் கைபீதுகள் (ஊர் வரலாற்றுக் குறிப்புகள்), கல்வெட்டுப் படிகள், கோயில் வரலாறுகள் எல்லாவற்றையும் காவலி சகோதரர்கள் முதலான உதவியாளர்களைக் கொண்டு திரட்டிய மெக்கன்சி 1821-இல் இறந்தார். சேகரிப்பு பிரிந்தது. இன்று ஓர் ஊரின் வரலாற்றை அதில் தேடுபவர் சென்னைக் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தையும் லண்டனையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. நம் வீட்டுப் பெட்டிக்கு இது நேர வேண்டியதில்லை. ஆனால் "பாரதி கையெழுத்து இருக்கிற தாள் மட்டும் அங்கே, மற்றது இங்கே" என்று பங்கு போட்டால் நேரும்.

யார் படிக்கலாம், எப்போது? இதில் அந்தரங்கமும் சட்டமும் கலந்திருக்கின்றன. அந்தரங்கத்தை விளக்க வேண்டியதில்லை. வரதட்சிணைப் பேரம், பங்காளிச் சண்டை, மனநோய், சாதி மாறிய கல்யாணம் எல்லாம் கடிதத்தில் இருக்கும். அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் அதே தெருவில் இருப்பார்கள். சட்டம் பலருக்குத் தெரிவதில்லை. தாத்தாவுக்கு வந்த கடிதத்தின் காகிதம் உங்களுடையது. அதிலுள்ள எழுத்தின் பதிப்புரிமை எழுதியவருக்கும் அவர் வாரிசுகளுக்கும் உரியது. தாத்தா எழுதி அச்சேறாத நாட்குறிப்பு அவர் மறைவுக்குப் பின் வெளியானால், வெளியான ஆண்டிலிருந்து 60 ஆண்டுகளுக்கு உரிமை உண்டு. காகிதத்தைக் கொடுப்பதாலேயே பதிப்புரிமை கைமாறிவிடாது. அதற்குத் தனியாக எழுதிக் கொடுக்க வேண்டும்.

ஊருக்கு எட்டுமா? வாசகசாலையின் தீர்மானப் புத்தகத்தில் வரும் பெயர்களை அடையாளம் காட்டக்கூடியவர்கள் ஊரில்தான் இருக்கிறார்கள். அவர்கள் ஒருநாளும் சென்னைக்கு வந்து உறுப்பினர் படிவம் நிரப்பப் போவதில்லை.

திரும்பி வருமா? கொடுத்த பின் மனம் மாறினால், அல்லது நிறுவனமே மூடினால், பெட்டி எங்கே போகும் என்பது ஆறாவது அளவுகோல். கொடுக்கும் நாளில் இதைக் கேட்பது அபசகுனம்போலத் தோன்றும். ஆனாலும் கேட்க வேண்டும்.

## வழி 1: வீட்டிலேயே வைப்பது

புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களின் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளர், தரகர்) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736-இல் தொடங்கி 1761-இல் சாகும்வரை எழுதிய நாட்குறிப்பு, 1846-இல் கண்டெடுக்கப்படும்வரை குடும்பத்தாரிடமே கிடந்தது. தமிழில் அவ்வளவு விரிவான தனிமனிதப் பதிவு அதற்கு முன் கிடையாது. அது பிழைத்ததற்கு வீடும் ஒரு காரணம். பின்னர் மூலத்தின் சில பகுதிகள் தொலைந்தன. படியெடுத்துப் பாரிஸ் தேசிய நூலகம்வரை கொண்டுபோனவர்கள் இருந்ததால் இழப்பு ஓரளவு குறைந்தது. வீட்டின் வலிமை, பலவீனம் இரண்டையும் இந்த ஒரு கதையில் பார்த்துவிடலாம்.

வீட்டில் வைப்பதற்குப் பணம் செலவாகாது என்பது பாதி உண்மை. பெட்டிக்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும். அம்மா இருக்கும்வரை அவர்தான் அந்தப் பொறுப்பாளர் என்பது, அம்மாவுக்குப் பிறகுதான் மற்றவர்களுக்குத் தெரியவரும். வாரிசுகள் மூன்று ஊர்களில் இருந்தால் பெட்டி இருக்கும் வீடு யாருடையதோ அவருடைய அவசரமே எல்லாவற்றையும் முடிவு செய்யும்.

வைப்பதென்றால் ஒழுங்காக வைக்கலாம். குண்டூசி, ஸ்டேப்ளர் பின் ஆகியவற்றை எடுத்துவிடுங்கள். துரு தாளைத் தின்னும். கம்பியிலிருந்து கழற்றும் முன் வரிசையைப் படம் பிடித்து எண்ணிடுங்கள். கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டாதீர்கள், லேமினேஷன் செய்யவே செய்யாதீர்கள்; இரண்டையும் பிறகு பிரிக்க முடியாது. கஞ்சி போடாத, துவைத்த பருத்தித் துணியில் சுற்றித் தரையிலிருந்து உயரத்தில், வெளிச்சுவரை ஒட்டாமல் வையுங்கள். வசம்பு, வேப்பிலை வைக்கும் வழக்கம் கெடுதல் இல்லை. தாளின்மேல் நேராகப் படாமல் துணியில் முடிந்து வையுங்கள். பாச்சை உருண்டையைக் கொட்டிவைப்பது மூடிய அறையில் மனிதருக்கும் ஆகாது.

கடிதங்களில் வரும் ஆட்கள் இன்னும் உயிரோடு இருக்கும்போது வீடுதான் சரியான இடம். குடும்பத்தில் ஒருவர் அந்தத் தாள்களைப் படித்து எழுத முனைந்திருக்கும்போதும், சொத்து வழக்கு நடக்கும்போதும் அப்படியே. "முடிவெடுக்கவில்லை" என்பதற்காக மட்டும் வீட்டில் வைப்பது கரையானுக்குக் கொடுக்கும் அவகாசம்.

## வழி 2: ஊர்ப் பக்கம்

இதில் மூன்று வகை நிறுவனங்கள் உள்ளன. மூன்றும் ஒன்றுபோலத் தெரியும், ஆனால் ஒன்றல்ல.

மாவட்ட அரசு அருங்காட்சியகம் முதல் வகை. 1851-இல் சென்னையில் தொடங்கிய அரசு அருங்காட்சியகத்தின் துறையின்கீழ் பல மாவட்டங்களில் இவை இயங்குகின்றன. புதுக்கோட்டையில் இருப்பது சமஸ்தான காலத்திலேயே, 1910-இல் தோன்றியது. கட்டடம், காவல், அரசுச் சம்பளம், இருப்புப் பதிவேடு எல்லாம் உண்டு. பதிவேட்டில் ஏறிய பொருளை யாரும் எளிதில் கழிக்க முடியாது என்பது பெரிய பலம். ஆனால் அருங்காட்சியகத்தின் பழக்கம் காட்சிக்கு வைப்பது. கற்சிலை, காசு, செப்பேடு, பாடம் செய்த பறவை என்று பழகிய காப்பாட்சியருக்கு நானூறு கடிதங்கள் வந்தால் என்ன செய்வார்? மூக்குக்கண்ணாடியும் பேனாவும் ஒரு கடிதமும் கண்ணாடிப் பெட்டிக்குப் போகும். மற்ற முந்நூற்றுத் தொண்ணூற்று ஒன்பதும் "கடிதக் கட்டு, 1" என்று ஒரே வரியில் பதிவாகும். அந்த ஒரு கடிதமும் வெளிச்சத்தில் மை வெளுத்துக்கொண்டே போகும். காட்சிக்கு நகலை மட்டும் வையுங்கள் என்று நன்கொடைக் கடிதத்தில் எழுதிவிட்டால் பெரும்பாலான காப்பாட்சியர்கள் மறுக்கமாட்டார்கள்.

இரண்டாவது வகை நினைவு இல்லங்களும் கிளை நூலகங்களும். நினைவு இல்லம் ஒருவருக்கானது. உங்கள் தாத்தா அவருடைய நண்பராக இருந்திருந்தால் மட்டும் பொருந்தும். கிளை நூலகம் அச்சிட்ட புத்தகத்துக்கான இடம். நாட்குறிப்பை எந்த எண்ணில் ஏற்றுவது என்பதற்கு அங்கே வழிமுறையே இருக்காது. தாள்களுக்கு இது நல்ல இடம் அல்ல என்பதே என் கருத்து.

மூன்றாவது வகை தனிமனிதர் உருவாக்கிய நூலகம், வட்டார வரலாற்றுக் கழகம், பள்ளி அல்லது கல்லூரியின் சிறு காப்பகம். புதுக்கோட்டை ஞானாலயா ஆய்வு நூலகம்போல ஒரு தம்பதியின் உழைப்பில் எழுந்து, மாநிலம் முழுக்க ஆய்வாளர்கள் தேடிவரும் இடங்கள் தமிழ்நாட்டில் உண்டு. இங்கே உங்கள் பெட்டிக்குக் கிடைக்கும் மரியாதை வேறெங்கும் கிடைக்காது. திறக்கும் அன்றே "இவர் நம்ம போர்டு ஹைஸ்கூல் தலைமையாசிரியர் அல்லவா?" என்று கேட்கும் ஆள் அங்கே இருப்பார். அந்த ஒரு கேள்வியால் விளையும் பட்டியல் குறிப்பு, சென்னையில் ஆறு மாதம் உட்கார்ந்தாலும் விளையாது.

மறைந்திருக்கும் செலவு, ஆள். அரசு அருங்காட்சியகத்தில் அக்கறையுள்ள காப்பாட்சியர் மாற்றலாகிப் போவார். தனியார் நூலகத்தில் நிறுவனருக்கு வயதாகும். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, "உங்களுக்குப் பிறகு யார்?" அறக்கட்டளை பதிவாகியிருக்கிறதா, கட்டடம் யார் பெயரில் இருக்கிறது, அடுத்த பொறுப்பாளர் யார் என்பதற்குத் தயங்காமல் பதில் வந்தால் கொடுக்கலாம்.

ஊர்ச் சங்கம், பள்ளி, கோயில், கூட்டுறவுச் சங்கம், உள்ளூர் நாடகக் குழு சார்ந்த தாள்கள் பெட்டியில் அதிகம் என்றால் இந்த வழிதான் முதல் தேர்வு. வெளியே இவை "உதிரி". ஊரிலோ இவைதான் வரலாறு.

## வழி 3: பெரிய காப்பகம்

கோட்டையூரில் இருந்துகொண்டு, மற்றவர்கள் தூக்கி எறிந்த நாடக நோட்டீஸையும் அழைப்பிதழையும் புத்தகங்களோடு சேர்த்து வாழ்நாளெல்லாம் திரட்டியவர் ரோஜா முத்தையா. 1992-இல் அவர் மறைந்தபின் சிக்காகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. வாங்கியும் கடல் கடத்தவில்லை. 1994-இல் சென்னையில் அதை ஆய்வு நூலகமாக நிறுவி, பட்டியலிடவும் நுண்படமாக்கவும் (மைக்ரோஃபிலிம்) ஏற்பாடு செய்தது. இன்று தரமணியில் இருக்கிறது. கோட்டையூர் மக்களுக்கு அது தொலைவாகிவிட்டது உண்மை. ஆனால் அங்கேயே கிடந்திருந்தால் இன்று எத்தனை தாள் மிஞ்சியிருக்கும் என்ற கேள்விக்குச் செட்டிநாட்டின் இடிந்த வீடுகளைப் பார்த்தவர்களுக்குப் பதில் தெரியும்.

பெரிய காப்பகம் என்றால் அது ஒரே மாதிரியானது அல்ல. எழும்பூரில் 1909-இல் எழுந்த கட்டடத்திலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம் அடிப்படையில் அரசுப் பதிவேடுகளுக்கானது. வருவாய்த் துறைக் கோப்புகளோடு தொடர்புள்ள தாள்களுக்குப் பொருந்தும். 1943-இல் தொடங்கிய உ.வே.சாமிநாதையர் நூல்நிலையம் சுவடிகளுக்கும் தமிழறிஞர் உலகத்துக்கும் உரியது. தில்லி தீன்மூர்த்தியில் நேரு நினைவு அருங்காட்சியக நூலகமாக இருந்து 2023-இல் பிரதமர்கள் அருங்காட்சியகம் எனப் பெயர் மாறிய நிறுவனத்தில் ராஜாஜி, சத்தியமூர்த்தி முதலானோரின் தனித்தாள்கள் (சொந்தக் கடிதங்கள், குறிப்புகள்) இருக்கின்றன. உங்கள் தாத்தா காங்கிரஸ் மாவட்டச் செயலாளராக இருந்து இவர்களோடு கடிதம் எழுதிக்கொண்டவர் என்றால், அந்த உரையாடலின் மறுபாதி அங்கே இருக்கக்கூடும். ஒருவரின் தனித்தாள் சேகரிப்பில் பெரும்பாலும் அவருக்கு வந்தவைதான் இருக்கும். அவர் எழுதியவை பெரும்பாலும் பிறர் வீட்டில் கிடக்கும். உ.வே.சா. தமக்கு வந்த ஆயிரக்கணக்கான கடிதங்களைப் பாதுகாத்ததால்தான், அவற்றை எழுதிய பலரின் எழுத்து இன்று நமக்குக் கிடைக்கிறது. பெரிய காப்பகத்தின் தனிச் சிறப்பு இப்படிப் பாதிகள் சந்திப்பது.

செலவுகளையும் பார்ப்போம். முதலாவது, காத்திருப்பு. பெரிய இடத்தில் வரிசை நீளம். பெட்டி போய்ச் சேர்ந்த பிறகு பட்டியலுக்கு வரும்வரை ஆண்டுகள் ஓடலாம். அதுவரை நீங்களே கேட்டாலும் எடுத்துத் தர முடியாது என்பார்கள். ஒரு குடும்பத்துக்கு நான் துணை போயிருந்தபோது, கொடுத்த தாள்களைப் பார்க்கக் கொடுத்தவரே அடையாள அட்டையும் பரிந்துரைக் கடிதமும் கொண்டுவர வேண்டியிருந்தது. விதி அப்படி, அதில் தப்பில்லை. முன்கூட்டியே தெரிந்திருந்தால் மனம் கசந்திருக்காது.

இரண்டாவது, தேர்ந்தெடுப்பு. எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளமாட்டார்கள். தலைவரின் கடிதத்தை ஆவலோடு வாங்குவார்கள். மளிகைக் கணக்கையும் மொய் நோட்டையும் "இவை வேண்டாம்" என்று ஒதுக்குவார்கள். கட்டு அங்கேதான் உடைகிறது. 1930-களின் அரிசி விலையும் கூலியும் மளிகைக் கணக்கில் இருக்கும். தலைவரின் கடிதத்தில் இருக்காது.

மூன்றாவது, உரிமைக் குழப்பம். கொடை, வைப்பு இரண்டும் வேறு. கொடை என்றால் முழுதும் அவர்களுடையது. வைப்பு என்றால் உடைமை உங்களுடையது, காவல் அவர்களுடையது. இதை எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நாடறிந்த வழக்கு ஒன்று உண்டு. மேற்சொன்ன தீன்மூர்த்தி நிறுவனத்திலிருந்து நேருவின் தாள்கள் அடங்கிய 51 பெட்டிகள் 2008-இல் சோனியா காந்தி தரப்புக்குத் திரும்பிப் போயின. அவற்றைத் திருப்பித் தருமாறு நிறுவனம் பின்னாளில் கேட்டது. குடும்பத்துடையதா நாட்டுடையதா என்ற வாதம் நாடாளுமன்றம்வரை போனது. பிரதமர் வீட்டுத் தாள்களுக்கே இந்தக் கதி என்றால், தலைமையாசிரியர் வீட்டுத் தாள்களுக்கு ஒரு பக்கக் கடிதமாவது எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

## வழி 4: மின்படி

இந்த வழியை எல்லோரும் விரும்புகிறார்கள். பலர் தவறான காரணத்துக்காக. "ஸ்கேன் செய்துவிட்டால் மூலம் தேவையில்லை" என்பதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். ஆனால் மூலத்தைக் கொடுக்க மனமில்லாத குடும்பத்துக்கும், கொடுத்த பின் ஊருக்கு ஏதாவது மிஞ்ச வேண்டும் என்று நினைப்பவருக்கும் இதைப்போல் உதவும் வழி வேறில்லை.

இதற்கு நல்ல முன்னுதாரணம் நம் பக்கத்திலேயே இருக்கிறது. பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டம் 2004-இல் தொடங்கியது. மூலம் நாட்டைவிட்டு வெளியேறக் கூடாது, படி மட்டுமே எடுக்கலாம் என்பது அதன் அடிப்படை. அந்த உதவியோடு புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தமிழகக் கிராமங்களில் பஞ்சாயத்துத் தீர்ப்பு ஆவணங்களையும், நிலம் சார்ந்த வீட்டு ஆவணங்களையும், பழைய ஸ்டுடியோ புகைப்படங்களையும் தேடிப் படியெடுத்தது. பரணில் கிடக்கும் தாள்கள் "வரலாறு" என்று கணக்கில் சேர்வதற்கு இந்த வேலை பெரிய துணை.

ஈழத்தில் மின்படிக்கு இன்னும் கூர்மையான காரணம் இருக்கிறது. 1981 மே 31 இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் போயின. ஒரே இடத்தில் ஒரே படி என்பதன் விலை அது. 2005-இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் இலங்கைத் தமிழர் சார்ந்த நூல், இதழ், மலர், துண்டறிக்கை எல்லாவற்றையும் இணையத்தில் ஏற்றிவருகிறது. உங்கள் பெட்டியில் இலங்கைத் தொடர்புள்ள தாள் இருந்தால், மூலத்தை எங்கே வைத்தாலும், ஒரு படி அங்கே சேர வேண்டும்.

ஆனால் மின்படியும் சாகும். 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தின் கணினிகள் தாக்கப்பட்டபோது அதன் மின்படிகள் பல மாதங்கள் எட்டாமல் போயின. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே அந்த நிலை. குடும்பத்தின் நிலை இதைவிட மோசம்: மகன் தன் கூகுள் கணக்கில் ஏற்றிவைக்கிறான், இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாத கணக்கை அந்த நிறுவனம் நீக்கலாம் என்பதே விதி. வன்தட்டு சில ஆண்டுகளில் பழுதாகும். கோப்பின் பெயர் "ஐஎம்ஜி 4471" என்றிருந்தால் அது யாருடைய கடிதம் என்று யாருக்குத் தெரியும்? ஸ்கேன் செய்ய ஆகும் நேரத்தைவிடப் பெயரிட்டு விவரம் எழுத ஆகும் நேரம் பல மடங்கு. இந்தச் செலவைக் கணக்கில் சேர்க்காமல்தான் பெரும்பாலான வீட்டுத் திட்டங்கள் பாதியில் நிற்கின்றன.

பதிப்புரிமையும் இங்கேதான் கடிக்கும். தாத்தா எழுதியதை வாரிசுகள் எல்லோரும் சம்மதித்து இணையத்தில் வைக்கலாம். அவருக்கு வந்த கடிதங்களை வைக்க நீங்கள் உரிமையாளர் அல்ல.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | வீடு | ஊர்ப் பக்கம் | பெரிய காப்பகம் | மின்படி |
|---|---|---|---|---|
| தாளின் பாதுகாப்பு | பொறுப்பாளர் இருக்கும்வரை | இடத்துக்கு இடம் வேறு | பொதுவாக நன்று | தாளைக் காக்காது. அடிக்கடி கையாளுவதைக் குறைக்கும் |
| பட்டியல் | நீங்களே போட்டால் உண்டு | ஆள் அமைந்தால் மிக நன்று | தரமானது, தாமதமாகும் | விவரம் எழுதினால் மட்டும் |
| கட்டு பிரியாமை | பாகப் பிரிவினைவரை | பெரும்பாலும் அப்படியே | தேர்ந்தெடுப்பில் உடையலாம் | வரிசையைப் பதிவுசெய்யலாம் |
| அந்தரங்கம் | முழுக் கட்டுப்பாடு | வாய்மொழி நம்பிக்கை, கசியலாம் | மூடுகாலம் (யாரும் பார்க்கக் கூடாத ஆண்டுகள்) எழுதலாம் | ஏற்றிய பின் திரும்பப் பெற முடியாது |
| ஊருக்கு எட்டுவது | உறவினருக்கு மட்டும் | மிக எளிது | கடினம் | எளிது |
| பணச் செலவு | சிறிது, ஆனால் தொடரும் | அலமாரி, பெட்டிக்கு உதவி கேட்கலாம் | குடும்பத்துக்குக் குறைவு | கருவி, நேரம், சேமிப்பு |

## அப்படியானால் எது?

பெட்டியின் பெரும்பகுதி ஓர் ஊரைப் பற்றியது. அந்த ஊரிலோ மாவட்டத் தலைநகரிலோ பட்டியல் காட்டக்கூடிய ஓர் இடமும் இருக்கிறது. அப்படியென்றால் மூலம் முழுதும் அங்கே, மின்படி ஒன்று வெளியே. நான் பெரும்பாலும் பரிந்துரைப்பது இதைத்தான். "பட்டியல் காட்டக்கூடிய" என்பதை அழுத்திப் படியுங்கள். போய், ஏற்கெனவே வாங்கிய ஒரு சேகரிப்பின் பட்டியலைக் காட்டச் சொல்லுங்கள். அதிலிருந்து ஏதாவது ஒரு தாளை எடுத்துத் தரக் கேளுங்கள். அரை மணி நேரத்தில் வந்தால் நல்ல இடம். "சார் வந்தால்தான் தெரியும்" என்றால் தேநீர் குடித்துவிட்டுத் திரும்புங்கள்.

தாத்தாவின் உலகம் மாவட்டத்தைத் தாண்டியது, அதாவது பத்திரிகை, பதிப்பு, கட்சி, தொழிற்சங்கம் என்றால் பெரிய காப்பகம். அப்போதும் மளிகைக் கணக்கு உட்பட மொத்தத்தையும் எடுத்துக்கொள்கிறார்களா என்று பேசிப் பாருங்கள். மறுத்தால், ஒதுக்கியவற்றைக் கழிக்காமல் உங்களிடம் திருப்பித் தர வேண்டும் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

வாரிசுகள் எல்லோரும் வெளிநாட்டில் இருக்கிறார்கள் என்றால் வீடு என்ற வழியை அடித்துவிடுங்கள். பெட்டியை விமானத்தில் கொண்டுபோகவும் நினைக்க வேண்டாம். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, வரலாற்று அல்லது இலக்கிய மதிப்புள்ள கையெழுத்துப் படி 75 ஆண்டுகள் பழையதானால் தொல்பொருள். தனியார் அதை நாட்டைவிட்டு எடுத்துச் செல்ல முடியாது.

## கொடுக்கும் கடிதத்தில் என்ன இருக்க வேண்டும்

முத்திரைத்தாள் வேண்டுமா என்பதை வழக்கறிஞரிடம் கேளுங்கள். எந்தத் தாளில் எழுதினாலும் இவை இருக்கட்டும்: கட்டுவாரியான பட்டியல், கொடையா, வைப்பா என்ற தெளிவு, பதிப்புரிமை யாரிடம், எந்தக் கட்டு எந்த ஆண்டுவரை மூடியிருக்கும், காட்சிக்கு நகல் மட்டும் என்ற நிபந்தனை, மின்படி ஒரு தொகுதி குடும்பத்துக்கு, நிறுவனம் மூடினால் அடுத்து எங்கே. மூடுகாலத்தைப் பொதுவாக "என்றென்றும்" என்று எழுதாதீர்கள். எந்தக் காப்பகமும் அதை ஏற்காது, ஏற்கவும் கூடாது. ஆண்டைக் குறிப்பிடுங்கள்.

கையெழுத்து எல்லா வாரிசுகளுடையதாகவும் இருக்க வேண்டும். அண்ணன் மட்டும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததை, பத்து ஆண்டு கழித்துத் தங்கையின் மகன் வந்து கேட்டால் காப்பகம்தான் திண்டாடும். அதனால்தான் விவரமறிந்த காப்பகங்கள் இதை முதலிலேயே கேட்கின்றன.

## பெட்டியிலிருந்து தனியே எடுத்துவைக்க வேண்டியவை

கட்டைப் பிரிக்கக் கூடாது என்று இவ்வளவு சொல்லிவிட்டு, இரண்டு விதிவிலக்குகள். நிலத்தின் மூலப் பத்திரம், பாகப் பிரிவினைப் பத்திரம் போன்றவை இன்றும் பதிவு அலுவலகத்தில் உயிருள்ளவை. நகலைக் கட்டில் வைத்து மூலத்தைக் குடும்பம் வைத்துக்கொள்ளட்டும். தாத்தா கர்ணமாக (கிராமக் கணக்குப்பிள்ளை) இருந்திருந்தால் அடங்கல், சிட்டா முதலிய கிராமக் கணக்குகளும் பெட்டியில் கிடக்கலாம். பரம்பரைக் கிராம அதிகாரிகள் பதவி 1980-இல் ஒழிக்கப்பட்டபோது பல கணக்குகள் வீடுகளிலேயே தங்கிவிட்டன. அவை அரசின் பதிவேடுகள். தனியார் நூலகத்துக்குக் கொடுக்கும் முன் ஆவணக் காப்பகத்திடம் கேட்டுவிடுவது பிற்காலச் சிக்கலைத் தவிர்க்கும்.

மொய் நோட்டைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள்: இதையெல்லாம் போய்க் கொடுப்பதா? கொடுங்கள். யார் யாருக்கு உறவு, எந்தத் தெருவார் வந்தார்கள், எந்தச் சாதியார் எவ்வளவு எழுதினார்கள், எந்த ஆண்டு இரண்டு ரூபாய் ஐந்து ரூபாய் ஆனது என்று ஓர் ஊரின் சமூக வரலாற்றை அதைப்போல் வேறு எந்த நோட்டும் சொல்லாது. நகல் மட்டும் எடுத்துக்கொண்டு கொடுங்கள். திருப்பிச் செய்ய வேண்டிய மொய் இன்னும் ஒன்றிரண்டு பாக்கி இருக்கலாம்.